மறுபடியும் நீட்: மார்க் குறைந்தால்?

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை தலைமுறை தலைமுறையாக அழைத்துவந்த இடம்; 1938-இல் மருத்துவக் கல்லூரியானது. அங்கே மாணவராக நுழைய 2017 முதல் நீட் தேர்வு எழுதியாக வேண்டும். முதல் தடவை இடம் கிடைக்காத பிள்ளைகள் மறுபடி எழுதுகிறார்கள். அவர்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தடவை மார்க் இன்னும் குறைந்துவிட்டால்?

இது ஒருவர் இருவரின் கவலை அல்ல. 2016-17-இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் மறுமுறை முயன்றவர்கள். 2020-21-இல் அது 71 ஆகிவிட்டது என்கிறது நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை.

குறைவது ஏன்? ஓ.எம்.ஆர். விடைத்தாளைப் பாருங்கள். 180 கேள்விகள், 720 மார்க். சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினால் நான்கு. தவறினால் அந்த நான்கும் போய், மேலும் ஒன்று கழியும். சந்தேகமான பத்துக் கேள்விகளில் கை தடுமாறினால் ஐம்பது மார்க் வரை வித்தியாசம். படிப்பு மங்கிவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

வினாத்தாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024-இல் முழு 720 வாங்கியவர்கள் இறுதிப் பட்டியலில் 17 பேர். 2025-இல் இந்தியாவின் முதல் மாணவருக்கே 686தான். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. ஆகவே போன ஆண்டு 500, இந்த ஆண்டு 450 என்றால் பிள்ளை பின்தங்கிவிட்டதாகச் சொல்லிவிட முடியாது. தரவரிசையைப் பார்த்தால்தான் தெரியும்.

மறுபடி எழுதினால் குறைந்துவிடுமோ என்ற தயக்கம் இயல்பானதுதான். 2024-இல் தேர்வு மையத்தில் நேரம் இழந்ததற்காகக் கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேருக்கு அது ரத்தானது. மறுதேர்வு எழுதலாம், அல்லது கருணை மதிப்பெண் இல்லாத பழைய மார்க்கோடு நிற்கலாம் என்றார்கள். 813 பேர் துணிந்து எழுதினார்கள்; மற்றவர்கள் வரவில்லை. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஓராண்டு காத்திருந்து எழுதுபவரின் கணக்கு வேறு. இந்தியக் கல்லூரிகளில் நீட் மார்க் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். பழைய மார்க் எப்படியும் காலாவதிதான்; அதை இழந்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது கையில் கிடைத்த வேறு படிப்பின் இடத்தையும், ஓர் ஆண்டுச் செலவையும்தான். அந்தச் செலவு மீனவர் வீடுகளுக்கு இன்னும் கடினம். வடசென்னையின் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. நீட் மே மாதம் நடக்கிறது. 2025-இல் முடிவு வந்ததோ ஜூன் 14 அன்று. வருமானம் நின்றிருக்கும் நாளில்தான் அந்த வீடுகள் இன்னொரு வருஷக் கோச்சிங் கட்டணத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நீட் ஆண்டுக்கு ஒரு முறைதான்; பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் ஆண்டில் இரண்டு முறை நடக்கிறது. இரண்டும் எழுதியவருக்குச் சிறந்ததே கணக்கு. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பைத் தருவதே நியாயம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முடிவு வரும் நாளில் “போன வருஷத்தைவிடக் குறைஞ்சிடுச்சே” என்று தொடங்காதீர்கள். பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். தரவரிசையை மறுநாள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். மனம் உடைந்திருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இரண்டிலும் ஆலோசனை இலவசம்.