டீர் என்னும் தெய்வப்பெயர்

செருமானியத் தெய்வப்பெயர்களுள் நாம் இன்று எடுத்துக்கொள்வது டீர். பழைய ஆங்கிலத்தில் அது டீவ். செவ்வாய்க்கிழமைக்குரிய 'டியூஸ்டே'யில் இன்றும் வாழ்கிறது. இதனைக் கிரேக்கச் சீயசோடு ஒரே பெயராகக் காட்டுவாரை நாம் ஏற்பதற்கில்லை. சீயசும் வடமொழித் 'த்யௌஸ்' என்பதும் வானத்தைக் குறித்த மூலச்சொல்லின் வழிவந்தவை. டீரோ, அம்மூலத்தினின்று கிளைத்த 'தெய்வோஸ்' என்பதன் வழித்தோன்றல். வானுக்குரியவன் என்பது பொருள். வடமொழியிலிருந்து நாம் கடன்கொண்ட தேவனும், இலத்தீன் தேயுசும் இதன் உடன்பிறப்புகள். பழைய நார்சு மொழியில் இப்பெயரின் பன்மையாகிய 'டீவர்' தெய்வங்கள் அனைத்தையுமே சுட்டும். பொதுப்பெயரே ஒருவனுக்குச் சிறப்புப்பெயராயிற்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதின்று.

டீவ் நம் 'தீ' அன்றோ என வினவத் தோன்றலாம். ஆசை நன்றே! ஆனால் அதன் முதலொலி முன்னர் ஒலிப்புடையது. இலத்தீன் 'தெகெம்' எனும் பத்து, ஆங்கிலத்தில் 'டென்' ஆனவாறே, கிரிம் விதிப்படி ஒலிப்பிழந்தது. அதன் ஈகாரமும் 'எய்' என்பதன் திரிபே.