மருந்தில்லா நோய் எது?
எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் நம் அறநெறியும்
(விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். அவற்றுள் ஔஷத தானத்தையொட்டிச் சில சொற்கள் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். மருத்துவமும் நம் மரபும் நெடுநாள் உறவுடையவை. ஐந்து வேர்களால் ஆன மருந்தின் பெயரைக் காரியாசான் தம் நூலுக்குச் சூட்டிச் சிறுபஞ்சமூலம் என்றார். ஏலம் முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் கணிமேதாவியார் ஏலாதியைத் தந்தார். உடல் நோய்க்கு மருந்து எப்படியோ அப்படியே உயிர் நோய்க்கு அறம் என்பது அவர்கள் கருத்து. இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் பணிபுரியும் நான், இன்று ஒரே ஒரு நோயைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அதன் பெயர் மல்டிபிள் மைலோமா. தமிழில் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் எனலாம்.

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. அங்கே பிளாஸ்மா செல் என்னும் ஒருவகை அணு உண்டு. கிருமிகளை எதிர்க்கும் இமுனோகுளோபுலின் என்ற புரதத்தைச் செய்து தருவது அதன் தொழில். அந்த அணுக்களுள் ஒன்று நெறி பிறழ்ந்து, தன்னைப் போன்றவற்றையே அளவின்றிப் பெருக்கினால் அதுவே மைலோமா. பெருகிய அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் இரத்தசோகை வருகிறது. அவை எலும்பை அரிப்பதால் வலியும் முறிவும் உண்டாகின்றன. எலும்பிலிருந்து கரைந்த கால்சியம் இரத்தத்தில் மிகுந்து தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றைத் தருகிறது. அவ்வணுக்கள் சுரக்கும் பயனற்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. நல்ல எதிர்ப்புப் புரதம் குறைந்துபோவதால் நிமோனியா போன்ற தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்நோயின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1845ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு மளிகை வணிகர் தாங்கொணா எலும்பு வலியால் துன்புற்றார். அவருடைய சிறுநீரைச் சூடாக்கியபோது ஒரு பொருள் திரண்டது. கொதிக்க வைத்தபோது கரைந்தது. ஆறியபோது மீண்டும் திரண்டது. அதனை ஆராய்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவரின் பெயராலேயே அப்புரதம் இன்றும் வழங்குகிறது. நோயின் அடையாளம் கிடைத்ததே தவிர, மருந்து கிடைக்கவில்லை. அவ்வணிகர் 1846 புத்தாண்டு நாளில் இறந்தார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைமை பெரிதும் மாறவில்லை. மெல்பலான் என்னும் மருந்து 1960களில் நடைமுறைக்கு வரும்வரை, நோயறிந்தோருள் பெரும்பாலோர் ஓராண்டு வாழ்வதே அரிதாக இருந்தது.

இன்று நிலை என்ன? 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1,76,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 1,17,000 பேர் இதனால் இறந்தனர். புற்றுநோய்கள் அனைத்திலும் இது நூற்றுக்கு ஒன்று. இரத்தப் புற்றுநோய்களிலோ பத்துக்கு ஒன்று. பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று மிகுதி. அமெரிக்காவில் நோயறியப்படும் நடுவயது 69. நம் நாட்டு மருத்துவமனைகளில் அதைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே நோயாளிகள் வருகிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே இந்நோய் வெள்ளையரைக் காட்டிலும் இருமடங்கு காணப்படுகிறது.

இந்நோய் திடீரெனத் தோன்றுவதில்லை. இதற்கு முன்னோடியாக எம்.ஜி.யு.எஸ். என்னும் நிலை ஒன்று உண்டு. இரத்தத்தில் பயனற்ற புரதம் சிறிதளவு காணப்படும். உடலில் தொல்லை எதுவும் இராது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வில், 50 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு மூவரிடம் இந்நிலை காணப்பட்டது. அவர்களுள் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒருவருக்கே இது மைலோமா போன்ற நோயாக மாறுகிறது. ஆகவே இந்நிலை இருப்பதாகச் சொல்லப்பட்டவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் குறித்த காலத்தில் மறவாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம் சமுதாயம் காலங்காலமாக உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டது. ஆதலின் ஓர் ஆய்வை இங்கே குறிப்பிடுவது கடமை. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் பணி செய்த ஆண்களிடம், மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு இந்த முன்னோடி நிலை காணப்பட்டது. 2009இல் வெளியான முடிவு இது. பூச்சிமருந்தே காரணம் என்று இதனால் உறுதியாகிவிடாது. ஆனால் கையுறையும் முகக்கவசமும் இன்றி மருந்து தெளிப்பதை நிறுத்துவதற்கு இந்த அளவு எச்சரிக்கை போதும். பூச்சிக்கும் தீங்கு வேண்டாம் என்ற நம் நெறி, தெளிப்பவர் உடலுக்கும் காவலாக அமைவதை எண்ணிப் பாருங்கள்.

இனி, மருத்துவனாக நான் நாள்தோறும் காணும் இடர் ஒன்றைச் சொல்கிறேன். இந்நோயாளிகளுள் பலர் எங்களிடம் காலம் தாழ்ந்தே வருகிறார்கள். முதுகு வலித்தால் வயது என்கிறோம். சோர்வு வந்தால் சத்துக் குறைவு என்கிறோம். சைவ உணவினரிடம் இரும்புச் சத்தும் பி12 உயிர்ச்சத்தும் குறைவது உண்மையே. அதனால் இரத்தசோகை கண்டதும் சத்து மாத்திரை தரப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால் முறையாக மருந்து உண்டும் இரண்டு மூன்று மாதங்களில் இரத்த அளவு ஏறவில்லையென்றால் வேறு காரணம் தேடியாக வேண்டும். இதற்கிடையே முதுகுவலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகள், ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுத்துவிடுகின்றன.

ஐம்பதைக் கடந்தவருக்கு ஓய்விலும் தீராத எலும்பு வலி, காரணம் விளங்காத இரத்தசோகை, உயர்ந்துகொண்டே போகும் கிரியாட்டினின், அடிக்கடி வரும் நிமோனியா ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் மருத்துவரிடம் மைலோமாவைக் குறித்துக் கேளுங்கள். எளிய இரத்தப் பரிசோதனையிலேயே குறிப்பு கிடைக்கும். பலரிடம் மொத்தப் புரதம் மிகுந்து, ஆல்புமினைவிடக் குளோபுலின் கூடியிருக்கும், ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டியிருக்கவும் கூடும். அதன் பின் புரத எலக்ட்ரோஃபோரிசிஸ், மஜ்ஜைப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவை நோயை உறுதி செய்யும்.

சிகிச்சையைப் பற்றிக் கேட்பீர்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார்கள் உண்டதால், பல்லாயிரம் குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறந்தனர். 1961இல் அது கைவிடப்பட்டது. அதே மருந்து, வேறு மருந்துகளுக்கு அடங்காத மைலோமா நோயாளிகளுள் மூவரில் ஒருவருக்குப் பயனளித்ததாக 1999இல் ஆய்வு வெளியாயிற்று. அதன் வழித்தோன்றலே இன்று பெரிதும் பயன்படும் லெனலிடோமைடு. 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற போர்டிசோமிப், 2015இல் வந்த டாராடுமுமாப் ஆகியவையும் போக்கை மாற்றின. வழக்கமாக மூன்று அல்லது நான்கு மருந்துகளைச் சேர்த்துச் சில மாதங்கள் தருவோம். உடல் தாங்குமெனில், நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே எடுத்து வைத்துக்கொண்டு, உயர்ந்த அளவில் மெல்பலான் செலுத்தி, அவ்வணுக்களைத் திரும்பச் செலுத்துவோம். பிறருடைய குருத்தணுக்களைப் பெறுவதில்லை. நோயாளியின் எதிர்ப்பணுக்களைப் பக்குவப்படுத்தி நோயின்மீது ஏவும் கார்-டி முறையும் 2021 முதல் அமெரிக்காவில் ஒப்புதலுடன் நடைபெறுகிறது.

நோய் வேரோடு அழிகிறதா என்றால், பெரும்பாலோருக்கு இல்லை. அடங்கி, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைகாட்டும். அப்போது வேறு மருந்து தருவோம். ஆனால் அமெரிக்காவில் 1970களில் நால்வரில் ஒருவரே ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். இன்று பத்தில் ஆறு பேர் கடக்கிறார்கள். போர்டிசோமிபும் லெனலிடோமைடும் நம் நாட்டிலேயே தயாராவதால் அவற்றின் விலை பெரிதும் இறங்கியுள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவை நம் ஊர்களுக்குத் தொலைவில் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உண்டா என்பதையும் முதல் நாளே விசாரியுங்கள்.

நம் விரதங்களுக்கும் இச்சிகிச்சைக்கும் முரண் வருமோ என்ற ஐயம் பலருக்கு உண்டு. சிறுநீரகத்தைக் காக்க, மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் பருக வேண்டும். இரவில் நீரும் பருகாதவர்கள் அந்த அளவைக் கதிரவன் மறைவதற்குள் பகிர்ந்து முடிக்க இயலுமா என்று மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம். டெக்சாமெத்தசோன் மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் உண்பதே நல்லது. ஆகவே இரவு உண்ணாமை அதற்குத் தடையன்று. ஆனால் நீரின்றி இருக்கும் முழு உபவாசம் இந்நோயாளிக்குச் சிறுநீரகத்தையே பறித்துவிடக்கூடும். பதினாறு காரண பாவனைகளுள் தியாகமும் தவமும் சக்திக்கு ஏற்ப என்றே வகுக்கப்பட்டுள்ளன. சக்தியை மிஞ்சிய நோன்பை நம் ஆகமம் கேட்கவில்லை.

பயறும் பருப்பும் பாலும் தேவையான புரதத்தைத் தரும். உணவு நெறியை மாற்ற வேண்டியதில்லை. லெனலிடோமைடு குளிகையின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெற்ற ஜெலட்டினால் ஆனது. இதையறிந்து மனம் வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஊசியாகத் தரப்படும் மருந்துகள் பொருந்துமா என்று பார்க்கலாம். குளிகையைப் பிரித்துப் பொடியை மட்டும் உண்ணாதீர்கள். அப்பொடி, தொடுகின்ற வீட்டுப் பெண்களின் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது. யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தவும் வேண்டா.

இறுதியாக, தயக்கத்துடன் ஒன்றைக் கூறுகிறேன். புற்று என்ற சொல்லைக் கேட்டதும், "இனி எதற்குச் செலவு? சல்லேகனை ஏற்றுவிடுகிறேன்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையை வணங்கும் மரபு நம்முடையது. அந்நோன்பின் மேன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உபசர்க்கம், பஞ்சம், முதுமை, நோய் என நிலைகளைக் கூறும்போது, பரிகாரம் இல்லாதவை என்ற அடையையும் சேர்த்தே கூறுகிறார். அந்நூலைத் தழுவியதே நம் அருங்கலச்செப்பு. விரைந்து இறக்க வேண்டும் என விழைவதும் சல்லேகனைக்கு ஒரு குற்றமாகவே எண்ணப்பட்டுள்ளது.

1846இல் மைலோமா பரிகாரமில்லா நோய். இன்று நோயறிந்த நாளில் அது அப்படியன்று. சிகிச்சை பெற்றவர் பேரக்குழந்தைகளுடன் பல்லாண்டு வாழவும், சுவாத்தியாயம் செய்யவும், தீர்த்த யாத்திரை போகவும் கூடும். ஒரு நாள் மருந்துகள் யாவும் பயனற்றுப் போகலாம். அந்நாளில் மருத்துவரே அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வலி தணிக்கும் மருத்துவம் அப்போதும் தொடர வேண்டும். பின் எது தகும் என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் முனிவர் பெருமக்களும் ஆய்ந்து கொள்ளட்டும். ஆனால் பரிகாரம் உண்டா என்று கேட்காமலே பரிகாரமில்லை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பல வேளைகளில் அப்பெரியவர் துறப்பது உடலையன்று. பிள்ளைகளுக்குச் சுமையாவோமே என்ற அச்சமே அவரை அவ்வாறு பேச வைக்கிறது. அந்த அச்சத்தை நீக்குவதுதான் அபய தானம்.

நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் ஆறு அகத்தவங்களுள் ஒன்று. மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். பேருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்கள் இரத்த தானம் செய்யுங்கள். நம் அறக்கட்டளை நடத்தும் மருத்துவ முகாமில் இரத்தசோகை கண்டவர்களுக்கு மொத்தப் புரதம், ஆல்புமின், கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்ய ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். சிறு செலவுதான், அது ஒருவருடைய சிறுநீரகத்தையும் பல ஆண்டு வாழ்வையும் காக்கக் கூடும்.