பல்கலைக்கழகத்தில் கூடிய பொதுமக்கள் அவை
(கல்லூரித் தமிழ்மன்றம் ஒன்றில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகம் என்றவுடன் பட்டமளிப்பு விழாவும், அதற்கு வந்திறங்கும் அமைச்சர்களும், அவர்கள் கழுத்தில் விழும் மாலைகளுமே நம் கண்முன் நிற்கின்றன. வேறுவகை விருந்தினரை வரவேற்ற ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவ் விருந்தினருள் அமைச்சர் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் இல்லை. கட்சிப் பொறுப்பாளர் ஒருவர்கூட இல்லை. அத்தகையோர்க்கு அங்கு இடமில்லை என்றே நெறி வகுத்திருந்தனர்.

கனடா நாட்டின் மேற்குக் கரையில் உள்ள மாநிலம் பிரித்தானியக் கொலம்பியா. நம் நாட்டைப் போலவே அங்கும், தொகுதியில் எவர் மிகுதியான ஒப்போலை பெறுகின்றாரோ அவரே வென்றவர். 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 39 பங்கு ஒப்போலை பெற்ற கட்சி ஆட்சியேறியது. ஏறத்தாழ 42 பங்கு பெற்ற தாராளக் கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தது. 2001இல் நிலை தலைகீழாயிற்று. தாராளக் கட்சி பெற்ற ஒப்போலை 58 பங்குக்கும் சற்றுக் குறைவு; பிடித்த இடங்களோ 79இல் 77! எதிர்க்கட்சிக்கு எஞ்சியவர் இருவரே. இதற்குப் பெயர் மக்களாட்சியா?

இச் சிக்கலைப் பொதுமக்களிடமே விடுவதாகத் தேர்தலுக்கு முன் உறுதிமொழி தந்திருந்தார் அக் கட்சித் தலைவர் கோர்டன் கேம்பெல். வென்றபின்னும் அதை அவர் மறவாதிருந்தது வியப்பே! ஒப்போலையாளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்பெற்றன. தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண்; அவர்களோடு அம் மண்ணின் முதற்குடி மக்கள் இருவர்; ஆக 160 பேர். சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் சேக் பிளேனி அவர்களை வழிநடத்தினார். வான்கூவர் நகரில் அப் பல்கலைக்கழகத்திற்கு உரியதாகிய உரையாடல் மன்றத்தில், வட்ட வட்டமாக அமைந்த இருக்கைகளில், 2004 சனவரியில் அவர்கள் வந்தமர்ந்தனர்.

வார இறுதிகளில் கூடிக் கற்றனர். உலக நாடுகளின் தேர்தல் முறைகளைப் பேராசிரியர்கள் விளக்கினர். பின்னர் மாநிலமெங்கும் 50 கூட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்டனர். கூடிய நாளொன்றுக்கு 150 தாலர் படி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவும் தரப்பெற்றது. இதைச் சிறு செய்தியென்று தள்ளிவிடாதீர்கள். படியில்லையேல் அன்றாடக் கூலியாள் எவ்வாறு வருவார்? கைக்குழந்தைக்காரி எங்ஙனம் வருவாள்? இவையனைத்தினும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. கற்பித்த பேராசிரியர்கள் கற்பித்ததோடு நின்றனர். முடிவெடுக்கும் உரிமை மக்களிடமே இருந்தது. அறிந்தவன் ஆளப் பிறந்தவன் என்னும் செருக்கு அம் மன்றத்தில் நுழையவில்லை.

குலுக்கல் என்றவுடன் உங்கள் உள்ளம் உத்தரமேரூருக்குப் பறந்திருக்கும். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையைப் பொறித்து வைத்துள்ளன. பெருமைப்படுவோம், ஆயின் முழுவதையும் படித்துவிட்டுப் பெருமைப்படுவோம். அது பார்ப்பனரூர் அவை. கால் வேலிக்கு மேல் இறைநிலமும், தன் மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் உடையவன் பெயரே குடத்துள் விழுந்தது. உழுதவன் பெயர் அக் குடத்தில் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. வான்கூவர்க் குலுக்கலில் இருவரும் இருந்தனர்.

அவர்கள் கண்ட முடிவு ஒற்றை மாற்று ஒப்போலை முறை. ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர். நாம் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசையிடுவோம். வென்றவர்க்குத் தேவைக்குமேல் விழுந்த பங்கும், தோற்றவர்க்கு விழுந்ததும் வீணாகாமல் அடுத்தவரைச் சேரும். நம் மாநிலங்களவைத் தேர்தலும் இம் முறையிலேதான் நடைபெறுகின்றது. 146 பேர் இசைந்தனர், எதிர்த்தவர் எழுவரே.

2005 மே 17இல் மாநில மக்களின் ஒப்போலைக்கு அது விடப்பெற்றது. நூற்றுக்கு 57.69 பங்கினர் ‘ஆம்’ என்றனர். 79 தொகுதிகளில் 77இல் ‘ஆம்’ வென்றது. எனினும் தோல்வி! 60 பங்கு வேண்டுமென்று அரசு முன்னரே வரம்பு கட்டியிருந்தது. அதே நாளில் நடந்த சட்டமன்றத் தேர்தலில், 46 பங்குக்கும் குறைவாகப் பெற்ற தாராளக் கட்சி மீண்டும் ஆட்சி அமைத்தது. ஆள்வதற்கு 46 போதும். ஆளும் முறையை மாற்ற 57 போதாதாம்!

அறிக்கை தந்தவுடன் அவை கலைக்கப்பட்டது. ஓராண்டு முயன்று கற்றதை ஊருக்கு எடுத்துரைக்க அதற்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. 2009இல் மீண்டும் கேட்டபோது ‘ஆம்’ என்றவர் 39 பங்கினரே. 2018இல் மூன்றாம் முறையும் கேட்டனர். 61 பங்கினர் பழைய முறையே போதுமென்றனர். மக்கள் அறியாமையால் மாறினர் என்று நான் கூறேன். 160 பேர்க்குத் திறந்த கதவு மற்றவர்க்குத் திறக்கவில்லை என்பதே என் குறை.

ஒற்றை மாற்று ஒப்போலையை எண்ணும் முறை பலர்க்கு விளங்கியிராது. கரும்பலகை இருக்கின்றது, ஐயமுள்ளோர் முன்வாருங்கள், எண்ணிக் காட்டுகின்றேன்.