ஆறு யாருடையது?



கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் திறக்காமலே பேரம் முடிந்துவிடும். மாடு யாருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை, அதனால் முடிகிறது.

1960-இல் ரொனால்டு கோஸ் என்ற பொருளியல் அறிஞர் எழுதிய கட்டுரையிலும் மாடுதான் வருகிறது. ஒருவருடைய மாடு பக்கத்துக் காட்டில் புகுந்து வெள்ளாமையை மேய்ந்துவிடுகிறது. உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் ஆகாதென்றால், இருவரும் தாங்களே பேசி நல்ல முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்றார் கோஸ். 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொல்லியே, சுற்றுச்சூழலுக்குச் சட்டம் எதற்கு, அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செலவில்லாத பேரம் நடைமுறையில் கிடையாது என்று அதே கட்டுரையில் அவர் எழுதியதை அவர்கள் சொல்வதில்லை.

நொய்யல் ஆற்றுக்கு வாருங்கள். அதன் கரையில், திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். துணி கப்பலேறியது, உப்பு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டி முடித்த அணையில் சாயத்தண்ணி தேங்கியது. அணையைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கெஞ்சினார்கள், ஐயா! அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதைக்கிறது.

அப்போது ஏன் பேசித் தீர்க்கவில்லை? என் கிணற்றை உப்பாக்கியது இந்தப் பட்டறைதான் என்று எந்த விவசாயியால் கைகாட்ட முடியும்? பாதிக்கப்பட்டவர்களோ ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஒருவர் கைக்காசு போட்டு வழக்காடினால் பலன் ஊருக்கெல்லாம் போகும்; ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவர் முன்வரட்டும் என்று காத்திருப்பார்கள். பேரம் எங்கே முறிகிறது என்று ஆராய்ந்த பொருளியலாளர்கள் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிற இடம் இது. அதையும் தாண்டிச் சங்கமாகத் திரண்டு நீதிமன்றப் படியேறினார்களே, அந்த நொய்யல் விவசாயிகளை இந்த மேடையிலிருந்து கைகூப்பி வணங்குகிறேன்.

2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், சாயக்கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழக் கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நிற்காததால், 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வேலையிழந்த தொழிலாளர்களின் கண்ணீரை நான் மறைக்க மாட்டேன். அந்த நிலைமை வரும்வரை இழுத்தடித்தோமே என்பதுதான் என் ஆற்றாமை.

பேச்சு உண்மையில் பேச்சானது அதற்குப் பிறகுதான். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இப்போது தண்ணீரைத் தனியே, உப்பைத் தனியே பிரித்து, மறுபடியும் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் முன்பே உலகம் அறிந்தவைதான். ஆற்றில் யாருக்கு என்ன உரிமை என்பதுதான் அதுவரை தீர்மானமாகாமல் கிடந்தது.

சுத்திகரிப்புச் செலவு இன்று சாயக்கூலியில் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் அந்தச் செலவைத் தங்கள் கிணற்றிலும் தென்னையிலும் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒரத்துப்பாளையத்து மக்கள்.