முதல் வேலையும் நேர்முகமும்



கல்லூரியிற் பயின்றுகொண்டே மாலை வேளைகளிலோ, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடோ, கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் காசாளர் வேலைக்குச் செல்ல விழைவோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். அவ்வேலைக்குரிய நேர்முகத்தைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் உங்கள் கைத்திறனைச் சோதிப்பார்கள். 387 ரூபாய்க்குப் பொருள் வாங்கியவர் 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். மீதி எவ்வளவு? கழித்துப் பார்த்துத் திகைக்க வேண்டா. விலையிலிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். 3 ரூபாய் வைத்தால் 390. 10 வைத்தால் 400. 100 வைத்தால் 500. மீதி 113. சில்லறை கைமாறும் வரையில் அவர் தந்த தாளைக் கல்லாவுக்குள் போடாதிருப்பது நல்ல வழக்கம். தந்தது ஐந்நூறா, நூறா என்ற பூசலுக்கு அப்பொழுது இடமிராது. கைப்பேசி வழியே பணம் செலுத்துவோர் காட்டும் திரை மட்டும் போதாது. தொகை கடையின் கணக்கில் சேர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

இதனினும் அரிய சோதனை ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் தம் மளிகைக் கடைக்குக் காசாளரைத் தேர்ந்தபொழுது என்னையும் உடன் இருக்கச் செய்தார். வந்தவர் இருவர். “இரவு கணக்கு முடிக்கையில் 200 ரூபாய் குறைந்தால் என்ன செய்வீர்?” என்று இருவரையும் கேட்டார்.

பட்டம் பெற்ற இளைஞர், “என் கையிலிருந்து போட்டுச் சரிசெய்துவிடுவேன்” என்றார். எனக்கு அவ்விடை பிடித்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணோ, “மறுமுறை எண்ணுவேன், பில்களோடு ஒத்துப் பார்ப்பேன், அப்பொழுதும் குறைந்தால் குறிப்பேட்டில் எழுதி, அன்றிரவே உங்களிடம் சொல்வேன்” என்றாள்.

நண்பர் அவளையே அமர்த்தினார். எனக்கு வியப்பாயிருந்தது. “கைப்பணம் போட்டால் தொகை சரியாகும், கணக்குப் பொய்யாகும். குறை எங்கே நேர்ந்தது என்று எனக்குத் தெரியாமலே போகும். இன்று குறையை மறைக்கும் கை, நாளை மிகுதியையும் மறைக்கக்கூடுமன்றோ?” என்றார் அவர். பல்லாண்டு பாடம் சொன்ன நான் அன்று ஒரு பாடம் கேட்டேன்.

கல்வியில் நேர்ந்த குறையையும் மறைக்க வேண்டுவதில்லை. 1912ஆம் ஆண்டில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளமுள்ள எழுத்தர் வேலைக்காகச் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பித்த கணித மேதை இராமானுஜன், தம் மேற்படிப்பு இடையில் நின்றதை விண்ணப்பத்திலேயே தெரிவித்தார். பின்னர்த் தம் காலத்தைக் கணிதத்தில் செலவிட்டதையும் கூறினார். உள்ளதைச் சொல்லி, ஆற்றலையும் சொல்வதே முறை.

நீங்களும் கேட்கலாம். வேலை நேரம் எத்தனை? வார விடுமுறை உண்டா? கணக்கிற் குறைந்தால் பொறுப்பு யாருடையது? அமர இருக்கை உண்டா? கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டதை நினைவிற் கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது துடுக்காகாது.

முதல் வேலை சிறியதாக இருக்கலாம். ஆனால், பிறர் பணத்தை நம்பி ஒப்படைக்கும் வேலை அது. தவறு நேர்ந்த அன்றே அதனைச் சொல்லும் துணிவு உங்களுக்கு வாய்ப்பதாக!