பழைய பேட்டரி கார் வாங்கப் போகிறவர்களுக்கு

(பெரிய மார்க்கெட் அருகே நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்மில் சில குடும்பங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடாரம், அடுப்பு, பாய் சகிதம் முந்திரித் தோப்பில் தங்கப் போகிறோம். கார் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் மண்பாதை. அந்த நடைக்குப் பயந்தே அப்பா அம்மாக்கள் வீட்டில் தங்கிவிடுகிறார்கள். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பழைய பேட்டரி கார் ஒண்ணு வாங்கினா என்ன?" என்ற பேச்சு வந்தது. எலெக்ட்ரிகல் படித்தவன் என்பதால் என்னை மேடை ஏற்றிவிட்டார்கள்.

கோல்ஃப் மைதானத்துக்கென்று பிறந்த வண்டி இது. நம் ஊரில் ரயில் நிலையத்திலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் பார்த்திருப்பீர்கள். ரிசார்ட்டுகளும் தொழிற்சாலைகளும் கழித்துவிடும் வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன.

வாங்குவதற்கான வித்தை உங்களுக்கே தெரியும். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பளபளப்பை மட்டும் பார்த்து யாராவது வாங்குவோமா? செவுளைத் தூக்கிப் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். பெயின்டையும் சீட் கவரையும் விடுங்கள், சீட்டைத் தூக்குங்கள். செவுள் அங்கே இருக்கிறது. அதுதான் பேட்டரி.

48 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். மொத்தம் 24 செல். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் சுமார் 51 வோல்ட் காட்ட வேண்டும். அது மட்டும் போதாது. சும்மா நிற்கும்போது கிழட்டு பேட்டரிகூட நல்ல பிள்ளை மாதிரி வோல்ட் காட்டும். நாலு பேரை ஏற்றி மேட்டில் ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். 42க்குக் கீழே இறங்கினால் பேட்டரி செட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஹைட்ரோமீட்டர். ஒவ்வொரு செல்லிலும் கிராவிட்டி பார்த்து எழுதுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைவு என்றால், அந்த ஒன்று மொத்த வண்டியையும் இழுத்துவிடும். விலை பேசுவதற்கு முன்பே புதிய செட் என்ன விலை என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி தேறவில்லை என்றால் வண்டி விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள். "சல்லிசா வருது"ன்னு நினைத்த வண்டி அப்போது அவ்வளவு சல்லிசாகத் தெரியாது.

மூன்றாவது, அடித்தளம். ஆசிட் வடிந்த பேட்டரி தட்டு, பாண்டிச்சேரி உப்புக் காற்று, இரண்டும் சேர்ந்தால் இரும்பு தாங்காது. ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மோட்டாரை மாற்றலாம், கன்ட்ரோலரை மாற்றலாம், சட்டத்தை மாற்ற முடியாது.

நான்காவது, பாதுகாப்பு. நிறைய வண்டிகளில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். கதவு கிடையாது. பின்னால் பார்த்து உட்காரும் சீட்டிலிருந்து குழந்தைகள் திருப்பத்தில் சரிந்து விழும் ஆபத்து உண்டு. கைப்பிடியும் பெல்ட்டும் போடாமல் ஒரு குழந்தையையும் ஏற்றாதீர்கள். சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, சட்டம். 0.25 கிலோவாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான பேட்டரி வண்டிக்குத்தான் விதிவிலக்கு உண்டு. இந்த வண்டியின் மோட்டார் சாதாரணமாக 3 கிலோவாட் இருக்கும். ஆகவே பதிவெண் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. "நம்ம ஊர்தானே, யார் கேக்கப் போறா?" என்று ஈசிஆரில் இறக்காதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்சும் கை கொடுக்காது. தோப்பு வரை வேறு வண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும். குட்டி யானையின் தளம் சுமார் ஏழடி. நம் வண்டி எட்டு, ஒன்பது அடி இருக்கும். டேப் வைத்து அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

வருஷத்துக்கு நாலு நாள் ஓட்டிவிட்டு மிச்ச நாள் ஷெட்டில் போட்டால், பேட்டரி சல்பேட் பிடித்துச் சாகும். மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை யார் ஏற்பது என்று இன்றைக்கே, இந்த மண்டபத்திலேயே முடிவு செய்யுங்கள். யாரும் கை தூக்கவில்லை என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். தோப்புக்காரர் தன் இடத்திலேயே நிறுத்திப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தால், தாராளமாக வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. வண்டி பார்க்கப் போகும்போது மீட்டரோடு அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர்கள் ஏறி உட்கார்ந்து, இறங்கிப் பார்க்கட்டும். படி உயரமாக இருக்கிறது, பிடிக்க ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அது நமக்கான வண்டி இல்லை. யாருக்காக வாங்குகிறோமோ அவர்கள் ஏற முடியாத வண்டி எதற்கு?