குடித்தவன் வண்டி, கொடுப்பவர் யார்?



1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இந்திய நாட்டிலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது எந்த மண்ணில்? நம் சேலம் மண்ணிலேதான். சென்னை மாகாணத்தின் ஆட்சி அன்று ராஜாஜியின் கையில் இருந்தது. நாமக்கல் அன்று தனி மாவட்டமல்ல, சேலத்துக்குள் அடங்கியது. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அதற்கு விடையாக 1939இல் விற்பனை வரி பிறந்தது. காலம் உருண்டது. மதுவிலக்கு மறைந்தது, வரி மறையவில்லை! 2003 முதல் மதுக்கடைகளை நடத்தும் ஏகபோக உரிமை சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் கஜானாவுக்கு வந்த தொகை 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

ஒழுக்க உபதேசம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. மது விற்ற பணம் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும். குடித்தவன் ஓட்டிய வண்டியில் அடிபட்டு மாண்டவனின் குடும்பத்துக்கு நஷ்டஈடு எங்கிருந்து வருகிறது? அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் சமவெளி சாலைகளால் வாழும் பூமி. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரியையும் ரிக் வண்டியையும் நாடெங்கும் அனுப்புகின்றன. லாரித் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. போதையில் ஓட்டுபவன் காரில் வரும் சீமானாகவும் இருப்பான். மோட்டார் சைக்கிளில் வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பான். சாகிறவன் மட்டும் பெரும்பாலும் நடந்து போகிற ஏழை!

பள்ளிபாளையத்தில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் விசைத்தறித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது 32, மாதக் கூலி 12,000 ரூபாய். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பி வாழ்கிறார்கள். அவர் மாண்டால் நஷ்டஈட்டைக் கணக்கிட உச்சநீதிமன்றம் 2009இலும் 2017இலும் வழி வகுத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,44,000. வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,51,200. வயதுக்கு உரிய 16ஆல் பெருக்கினால் 24,19,200 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு முதலியவை இதற்கு மேல். எவரும் போடும் பிச்சையல்ல இது. சட்டம் தந்த உரிமை.

இந்த உரிமையைக் கேட்டுப் பெறும் தீர்ப்பாயங்கள் 1956இல் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதால் வந்தவை. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறதே, யாருக்காக? வண்டிக்காரனின் சுகத்துக்காகவா? இல்லை. தெருவில் நடப்பவனுக்காக! வண்டிக்காரனிடம் பணம் இல்லாவிட்டாலும், அடிபட்டவன் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக!

ஆனால் நடந்தது என்ன? 2019இல் மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. இன்ஷூரன்ஸ் கம்பெனி எந்தெந்தக் காரணங்களைச் சொல்லிப் பொறுப்பை மறுத்து வாதாடலாம் என்ற பட்டியல் 150ஆம் பிரிவில் இருக்கிறது. டிரைவர் போதையில் ஓட்டினார் என்ற காரணமும் அதில் சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது 185ஆம் பிரிவு. அதைக் காட்டும் மருத்துவச் சான்று டிரைவரின் குற்றத்துக்கு அசைக்க முடியாத ஆதாரம். அதே சான்றைக் கையில் ஏந்தி, "நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை" என்கிறது கம்பெனி! குடிக்காதவன் மோதினால் கம்பெனி கொடுக்கும். குடித்தவன் மோதினால் வாதாடும். குற்றம் பெரிதாகப் பெரிதாக விதவையின் கைக்கு வரும் பணம் நிச்சயமற்றதாகிறது. ஈதென்ன நீதி? பாலிசியில் கையெழுத்திட்டவரா மாண்டு போனார்? கடையில் கோப்பையை எடுத்தவரா அவர்?

நீதிமன்றங்கள் இந்த அநீதியைக் கண்டிருக்கின்றன. கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சென்னைப் புறநகரில் 2017இல் சாலையில் நடந்து சென்ற ஒருவரை வேன் மோதிக் கொன்றது. டிரைவர் குடித்திருந்தார் என்று தீர்ப்பாயம் கம்பெனியை விடுவித்தது. குடும்பம் மேல்முறையீடு செய்தது. முதலில் கொடு, பிறகு வசூலி என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025இல்தான் ஆணையிட்டது. வெற்றிதான், ஆனால் எத்தனை ஆண்டுகள்! மேல்கோர்ட்டுக்குப் போக இயலாத குடும்பத்தின் கதி என்ன? அடித்த வண்டி அகப்படாமல் ஓடிவிட்டால் 2 லட்சம் ரூபாய் கொடுக்கச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. வண்டி அகப்பட்டு, கம்பெனி கைவிட்டு, உரிமையாளரும் ஓட்டாண்டி என்றால்? தீர்ப்பு தாளில் இருக்கும். அடுப்பில் பூனை தூங்கும்.

இனி, விற்றவருக்கு வருவோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், தள்ளாடுகிறவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த கடைக்காரரும் அவன் விளைவித்த விபத்துக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று சட்டம் உண்டு. இங்கே கடைக்காரர் யார்? சர்க்கார்! நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15ஆம் நாள் ஆணையிட்டதே, அந்த வழக்கில் தமிழ்நாடு அரசே ஒரு கட்சி. கடைக்கும் விபத்துக்கும் உள்ள உறவை நாட்டின் தலைமை நீதிமன்றம் அன்று ஏற்றது. 2017இல் நகர எல்லைகளுக்கு அந்த ஆணை தளர்ந்தது, உறவு தளர்ந்துவிடவில்லை. மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்தில் 2015 ஜூலை 31ஆம் நாள் உயிர்விட்ட காந்தியவாதி சசிபெருமாள் நம் சேலம் மாவட்டத்துக்காரர் என்பதையும் மறவாதீர்கள்.

தில்லியில் 1999இல் செல்வந்தர் வீட்டு இளைஞன் ஒருவன் ஓட்டிய கார் ஆறு உயிர்களைப் பறித்தது. அந்த வழக்கில், அடித்த வண்டி இன்னதென்று தெரியாத விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கு உதவ 50 லட்சம் ரூபாய் கட்டும்படி 2012இல் உச்சநீதிமன்றம் அவனுக்கு ஆணையிட்டது. ஒரு தனிமனிதன் முன்பின் அறியாதவர்களின் துயருக்குப் பணம் கட்டலாம் என்றால், ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் கோடி பெறும் சர்க்கார் கட்டலாகாதா?

ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒன்று: டிரைவரின் போதையைக் காட்டி மூன்றாம் நபரின் நஷ்டஈட்டை மறுக்க இடம் தரும் வாசகத்தைப் பாராளுமன்றம் 150ஆம் பிரிவிலிருந்து நீக்க வேண்டும். இரண்டு: மது வருமானத்தில் ஒரு பங்கை மாநில சர்க்கார் தனி நிதியாக ஒதுக்கி, தீர்ப்பான தொகை முப்பது நாளில் குடும்பத்தின் கைக்குச் சேரச் செய்ய வேண்டும். பிறகு சர்க்காரே வசூலித்துக் கொள்ளட்டும். அதற்கு வக்கீலும் உண்டு, வருஷமும் உண்டு. விதவைக்கு இரண்டும் இல்லை.

அதுவரை ஒவ்வொரு கிளைத் தோழருக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒரு சாவு நேர்ந்தால் துக்கம் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1994இல் நீக்கப்பட்ட காலவரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குள் மனு போட வையுங்கள். போலீஸ் தரும் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போயிற்றா என்று கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாசல்வரை அந்தத் தாயுடன் நடந்து செல்லுங்கள்.

மதுவிலக்கை நாட்டுக்கு முதலில் கண்டது சேலம். மது பறித்த உயிருக்கு விற்றவரும் பொறுப்பு என்ற குரலும் சேலத்திலிருந்தே முதலில் எழட்டும்!